பெட்டிக்குப் பின்னால் இருந்த குரல்

எம்.எஸ்.விஸ்வநாதன் யார் என்று கேட்டால் தமிழ்நாட்டில் யாரும் யோசிக்க மாட்டார்கள். மெல்லிசை மன்னர், அவ்வளவுதான். அவர் ஒரு பாடகரும்கூட என்று சொல்லிப் பாருங்கள். "ஆமாம், அவரும் சில பாட்டு பாடியிருக்கார்" என்று பதில் வரும். அந்த "அவரும்", அந்த "சில" இரண்டையும் பற்றித்தான் இன்று எழுதப்போகிறேன்.

எண்ணிக்கையில் அவர் பாடியவை குறைவுதான். டி.எம்.எஸ்., சுசீலா, எஸ்.பி.பி. பேரேட்டின் பக்கத்தில் எம்.எஸ்.வி.யின் பாட்டுக் கணக்கை வைத்தால் அது சில்லறை மாதிரிதான் தெரியும். ஆனால் அந்தப் பாட்டுகளை எடுத்து ஆண்டு வாரியாக வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படுகிறது. அவை பொழுதுபோக்குக்காகப் பாடியவை அல்ல. பாடகர் வராத நாளில் இடத்தை நிரப்பியவையும் அல்ல. தமிழ் சினிமாவில் வேறு எந்தக் குரலுக்கும் கொடுக்க முடியாத ஒரு வேலை இருந்தது. அந்த வேலைக்கு மட்டும் அவர் வந்திருக்கிறார். அது என்ன வேலை என்று பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் பூர்வகதை.

மனயங்கத்து சுப்பிரமணியன் விஸ்வநாதன் பிறந்தது 1928 ஜூன் 24, பாலக்காடு பக்கம் எலப்புள்ளியில். சிறுவயதிலேயே தந்தை போய்விட்டார். தாத்தாவின் பொறுப்பில் கண்ணூரில் வளர்ந்தார். சினிமாக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். நீலகண்ட பாகவதரிடம் சங்கீதம் கற்றுக்கொண்டார். இதுவரை பலருக்கும் தெரிந்த கதை.

அதிகம் பேசப்படாத பகுதி இதற்கு அடுத்து வருகிறது. அந்தப் பையன் இசையமைப்பாளர் ஆக வேண்டும் என்று கிளம்பவில்லை. நடிகனாக வேண்டும், பாட வேண்டும் என்பதுதான் ஆசை. அது 1940களின் தொடக்கம். அந்தக் காலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலைதான். எம்.கே.தியாகராஜ பாகவதரும் பி.யு.சின்னப்பாவும் கோலோச்சிய காலம். பாடத் தெரிந்தவர்தான் கதாநாயகர். விஸ்வநாதனுக்கு நாடகங்களில் சின்னச் சின்ன வேடங்கள் கிடைத்தன, பெரிதாக எடுபடவில்லை. ஜூபிடர் நிறுவனத்தில் எடுபிடி வேலை, பிறகு எஸ்.எம்.சுப்பையா நாயுடுவிடம் உதவியாளர், பிறகு சி.ஆர்.சுப்பராமன் குழுவில் ஹார்மோனியம் என்று வாழ்க்கை வேறு திசையில் போனது. 1952ல் சுப்பராமன் இளம் வயதிலேயே மறைந்தார். அவர் பாதியில் விட்ட 'தேவதாஸ்' வேலையை முடித்துக் கொடுத்தவர்கள் குழுவில் ஹார்மோனியம் வாசித்த விஸ்வநாதனும் வயலின் வாசித்த டி.கே.ராமமூர்த்தியும். 1952ல் 'பணம்' படத்தில் இருவர் பெயரும் சேர்ந்து வந்தது. 1965ல் 'ஆயிரத்தில் ஒருவன்' வரை அந்தக் கூட்டு நீடித்தது.

அதாவது பாட வந்தவர், பாட்டு உண்டாக்குகிற இடத்தில் உட்கார்ந்தார். அவர் கேட்ட வேலைக்கு விண்ணப்பம் தள்ளுபடி ஆனது, கேட்காத வேலைக்கு நியமன உத்தரவு வந்தது.

இதற்கிடையே சினிமாவே மாறிவிட்டது. 1938ல் ஏவி.எம்.மின் 'நந்தகுமார்' படத்தில் தமிழில் பின்னணிப் பாட்டு நுழைந்தது. மலையாளத்தில் 1948ல் 'நிர்மலா'. முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்ற ஏற்பாடு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நிரந்தரமானது. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விதி உண்டு. குரல் முகத்துக்குப் பொருந்த வேண்டும். சிவாஜிக்கு ஒரு விதமாகவும் எம்.ஜி.ஆருக்கு ஒரு விதமாகவும் டி.எம்.எஸ். பாடியதை நாம் எல்லோரும் வியந்திருக்கிறோம். ஜெமினிக்கு பி.பி.ஸ்ரீநிவாஸ். கேட்பவனுக்குத் திரையில் இருப்பவரே பாடுகிறார் என்று தோன்ற வேண்டும். பாடகர் ஒளிந்துகொள்ள வேண்டும். நல்ல குரல் என்றால் நன்றாக ஒளிந்துகொள்ளும் குரல் என்று நம் காதுகள் பழகிவிட்டன.

எம்.எஸ்.வி.யின் குரலை இந்தத் தராசில் வைத்தால் நிற்காது. உச்சத்தில் ஏறும்போது தொண்டை திறந்துகொண்டு கொஞ்சம் கீறும். வழவழப்பு கிடையாது. எந்தக் கதாநாயகன் வாயசைத்தாலும் "இது இவர் பாடுவது இல்லை" என்று உடனே தெரிந்துவிடும். ஒளிந்துகொள்ளத் தெரியாத குரல்.

ஆனால் இதே குரலைத்தான் எல்லாப் பாடகர்களும் முதலில் கேட்டார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அன்றைய ஒலிப்பதிவு முறையை நினைத்துப் பாருங்கள். வாத்தியக்காரர்களும் பாடகரும் ஒரே நேரத்தில், ஒரே மூச்சில் பாடிப் பதிவு செய்ய வேண்டும். ஒருவர் தவறினால் மறுபடி முதலிலிருந்து. பிறகு ஒட்டிச் சேர்க்கிற வசதியெல்லாம் இல்லை. அதனால் பதிவுக்கு முன்பே பாடகர் இசையமைப்பாளர் முன்னால் உட்கார்ந்து, அவர் ஹார்மோனியத்தில் கைவைத்துப் பாடிக்காட்டுவதைக் கேட்டு, அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு வரிக்கு இவர் பத்து விதமாகப் பாடிக்காட்டுவார், அதில் எதைப் பிடித்துக்கொள்வது என்றே தெரியாது என்று அவரிடம் பாடியவர்கள் பலர் மேடைகளில் சொல்லி நாம் கேட்டிருக்கிறோம். ஆகவே, 50களிலும் 60களிலும் நாம் உருகிய பாட்டுகள் பலவற்றுக்கும் முதல் பாடகர் ஒருவர் இருந்தார். அவர் பாடியது மட்டும் பதிவாகவில்லை. எங்கள் பாஷையில் சொன்னால், வரவு செலவு எல்லாம் நடந்திருக்கிறது, ரசீது மட்டும் அவர் பெயரில் இல்லை.

அந்த ரசீது 1970களில் எழுத ஆரம்பித்தார்கள்.

1971ல் சோவின் 'முகமது பின் துக்ளக்'. அதில் அல்லாவைப் பாடும் ஒரு பாட்டு. இஸ்லாமியப் பக்திப் பாட்டு என்றாலே தமிழர்களுக்கு நாகூர் ஹனிஃபாவின் கம்பீரக் குரல்தான் நினைவுக்கு வரும். இங்கே பாடியது எம்.எஸ்.வி. கேட்டுப் பாருங்கள், உச்ச ஸ்தாயியில் அவர் கூப்பிடுகிற இடத்தில் அந்தக் கீறல் ஒரு குறையாகவே தெரியாது. கடவுளைக் கூப்பிடுகிறவனுக்குக் குரல் வழவழப்பாக இருக்க வேண்டும் என்று எந்த மதத்திலும் சட்டம் இல்லையே!

1973ல் பாலசந்தரின் 'சொல்லத்தான் நினைக்கிறேன்'. தலைப்புப் பாட்டை எஸ்.ஜானகியுடன் சேர்ந்து பாடினார். ஒரே மனிதனை மூன்று சகோதரிகள் மனதுக்குள் விரும்பும் கதை. வாய்க்கு வராமல் நெஞ்சிலேயே நின்றுவிடும் சொற்கள்தான் படம் முழுக்க. ஒரு அழகான காதல் குரலை வைத்திருந்தால் அது இன்னொரு டூயட் ஆகியிருக்கும். ஜானகியின் நுணுக்கமான குரலுக்குப் பக்கத்தில் இந்த மனிதரின் குரல் தயங்கித் தயங்கி வரும்போது, சொல்ல முடியாமை என்பது பாட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது.

1974ல் 'சிவகாமியின் செல்வன்'. இந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது.

இந்தப் படம் 1969ல் வந்த இந்தி 'ஆராதனா'வின் தமிழ் வடிவம். இந்தியில் ராஜேஷ் கன்னாவுக்கு கிஷோர் குமார் பாடிய பாட்டுகள் நாட்டையே ஆட்டிவைத்தன. ஆனால் கதாநாயகி எல்லாம் இழந்து நிற்கிற கட்டத்தில் வேறொரு குரல் வரும். அது படத்தின் இசையமைப்பாளர் எஸ்.டி.பர்மனின் குரல். திரையில் யாரும் பாடவில்லை. எங்கிருந்தோ ஒரு பெரியவர் அவளுக்கு ஆறுதல் சொல்வதுபோல வரும். அந்தப் பாட்டுக்குத்தான் பர்மனுக்குச் சிறந்த பின்னணிப் பாடகருக்கான தேசிய விருது கிடைத்தது. கிஷோருக்கு அல்ல, அறுபது வயதைத் தாண்டிய இசையமைப்பாளருக்கு! பர்மனுக்கு இது புதிதும் அல்ல. 'சுஜாதா' (1959), 'பந்தினி' (1963), 'கைடு' (1965) மூன்றிலும் அவர் பாடியது இதே மாதிரிதான். படகுக்காரனின் குரல், வழிப்போக்கனின் குரல். கதாநாயகனுக்கு அவர் குரல் கொடுக்கவில்லை, கதைக்குக் கொடுத்தார்.

தமிழுக்கு வந்தபோது அந்த இடத்தில் யாரைப் பாடவைப்பது? டி.எம்.எஸ். பாடினால் சிவாஜி பாடுவதாகிவிடும். எஸ்.பி.பி. பாடினால் வாலிபன் ஒருவன் பாடுவதாகிவிடும். யாருடைய முகத்துக்கும் சொந்தமில்லாத ஒரு குரல் வேண்டும். எம்.எஸ்.வி. பாடினார், 'எதற்கும் ஒரு காலம் உண்டு'. மகளே என்று ஒரு பெண்ணை விளித்துப் பொறுமை சொல்கிற பாட்டு. அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. வீட்டில் மூத்தவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுபோல இருக்கும்.

பழைய நாடகங்களில் அசரீரி என்று ஒன்று உண்டே, அதுதான் இந்த வேலை. முகம் இல்லாத பாட்டுக்குக் குரல் கொடுப்பது. ஒளிந்துகொள்ளத் தெரியாத குரல் என்று எது குறையாக இருந்ததோ, அதுவே இங்கே தகுதியாகிவிட்டது.

1977ல் இது இன்னும் ஒரு படி மேலே போனது. ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்', 1972ல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல். பீம்சிங் இயக்கத்தில் படமாக வந்தது. லட்சுமிக்கு தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. அதில் 'கண்டதைச் சொல்லுகிறேன்' என்ற பாட்டை எழுதியது ஜெயகாந்தனே. தலைப்பிலேயே இருக்கிறது, இது கதாபாத்திரம் பேசுவதில்லை. எழுத்தாளன் தன் வாசகனிடம் நேராகப் பேசுவது. ஜே.கே.யின் குணம் தெரிந்தவர்களுக்கு அந்தப் பாட்டுக்குத் தேன் குரல் எவ்வளவு பொருந்தாது என்று சொல்ல வேண்டியதில்லை. எம்.எஸ்.வி. கொஞ்சமும் குழையாமல், வாதம் செய்கிறவர் மாதிரி பாடியிருப்பார். எழுத்தாளனின் குரலாகவே ஆகிவிட்டார்.

"எல்லாம் சோகமும் தத்துவமும்தானா?" என்று கேட்டால் இல்லை. 1976ல் 'முத்தான முத்தல்லவோ' படத்தில் எஸ்.பி.பி.யும் அவரும் சேர்ந்து பாடிய 'எனக்கொரு காதலி இருக்கின்றாள்' இருக்கிறது. ஒரு பக்கம் பால் மாதிரி குரல், இன்னொரு பக்கம் சுக்குக் காப்பி மாதிரி குரல். இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவே இல்லை.

திரையில் ஒருவர் வாயசைத்துப் பாடிய பாட்டும் உண்டு. 1979, 'நினைத்தாலே இனிக்கும்'. கமலுக்கு எஸ்.பி.பி. பாட, ரஜினிக்கு 'சம்போ சிவ சம்போ'வை எம்.எஸ்.வி. பாடினார். வயது ஐம்பது! படத்தில் ரஜினி கண்ணில் பட்டதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ள ஆள். ஒழுங்கான காதலனுக்கு ஒழுங்கான குரல், ஒழுங்குக்கு அடங்காதவனுக்கு இந்தக் குரல். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது :-)

இப்போது எல்லை தாண்டி இந்தப் பக்கம் வருகிறேன். கழக்கூட்டத்தில் வேலை பார்ப்பதால்தான் இந்தப் பாதி எனக்குக் கிடைத்தது.

இந்த ஊரை டெக்னோபார்க் என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். 1990ல் ஆரம்பித்த அந்த வளாகம், 2022ல் திறந்த மேம்பாலச் சாலை, அதன் மேலே பறக்கிற கார்கள் என்று பார்த்தால் இது புது ஊர். எங்கள் கிளை கவுன்டருக்கு வந்து நின்றால் பழைய ஊர். பென்ஷன்காரர்கள் வருவார்கள். நவம்பர் மாதம் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் என் பேச்சை வைத்து ஆளைக் கண்டுபிடித்து, "சாரு தமிழ்நாட்டிலோ?" என்று ஆரம்பித்தார். பேச்சு பாட்டுக்குப் போனது. நான் எம்.எஸ்.வி. என்றதும் அவர் முகம் மலர்ந்து, மெட்டுகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவர் பாடிய இரண்டு மலையாளப் பாட்டுகளைச் சொன்னார். அவரைப் பொறுத்தவரை எம்.எஸ்.வி. முதலில் ஒரு குரல்.

முதல் பாட்டு 1973ல் வந்த 'பணிதீராத்த வீடு' படத்தில். கே.எஸ்.சேதுமாதவன் இயக்கியது. வயலார் எழுதிய 'கண்ணீர்த்துள்ளியே'. கண்ணீர்த்துளியைப் பெண்ணோடு ஒப்பிட்ட கவிஞனை வாழ்த்துகிற பாட்டு. வயலாரும் 1928ல் பிறந்தவர்தான், எம்.எஸ்.வி.க்கு மூன்று மாதம் மூத்தவர். அதே படத்தில் 'சுப்ரபாதம்' பாடியதற்காக பி.ஜெயச்சந்திரனுக்குக் கேரள அரசு விருது கிடைத்தது. 2025 ஜனவரியில் மறைந்த ஜெயச்சந்திரன் எம்.எஸ்.வி.யைக் குருவாகவே கொண்டாடியவர். அவ்வளவு மென்மையான குரலை ஒரு பாட்டுக்கு வைத்துக்கொண்டு, இன்னொரு பாட்டைத் தானே எடுத்துக்கொண்டார் பாருங்கள், அங்கேதான் எம்.எஸ்.வி.யின் தீர்ப்பு இருக்கிறது. தன் குரலுக்கு எது வேலை, எது இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் படத்தின் கதையையும் சொல்ல வேண்டும். பாறப்புறத்து எழுதிய நாவல். பிழைப்புக்காகக் கேரளாவை விட்டு நைனிடால் போகிறவனின் கதை. குடும்பச் சுமை, கட்டி முடிக்க முடியாத வீடு. பாறப்புறத்தும் ராணுவத்தில் பல ஆண்டுகள் வெளியூரில் கழித்தவர். வீட்டுக் கடன் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிற எனக்கு அந்தத் தலைப்பைக் கேட்டாலே வயிற்றைப் பிசையும். கதாநாயகன் பிரேம் நசீர். அவர் ஊர் சிறயின்கீழ், கழக்கூட்டத்திலிருந்து வடக்கே போகும் பாசஞ்சர் ரயிலில் கணியாபுரம், முருக்கும்புழா, பெருங்குழி தாண்டினால் வந்துவிடும்.

இரண்டாவது பாட்டு 1974ல், ஸ்ரீகுமாரன் தம்பி முதன்முதலாக இயக்கிய 'சந்திரகாந்தம்' படத்தில், அவரே எழுதிய 'ஹ்ருதயவாஹினி'. இதிலும் நசீர்தான் நாயகன். படத்தில் யேசுதாஸ் பாடிய பாட்டும் இருக்கிறது. இருந்தும் ஆற்றைப் போல ஓடுகிற இந்தப் பாட்டை எம்.எஸ்.வி. தானே பாடினார். ஐம்பது ஆண்டு ஆகிறது, மலையாளிகள் விடவில்லை. டீக்கடையில் இந்தப் பாட்டு வந்தால் கண்ணாடி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு வேடிக்கை. தமிழ்நாட்டில் 'எதற்கும் ஒரு காலம் உண்டு'வைத் தெரிந்தவர்களுக்கு 'ஹ்ருதயவாஹினி' தெரியாது. இங்கே 'ஹ்ருதயவாஹினி'யில் கரைகிறவர்களுக்கு ஜெயகாந்தன் பாட்டு தெரியாது. எல்லாம் சில ஆண்டு இடைவெளிக்குள், ஒரே தொண்டையில், ஒரே சென்னையில் உருவானவை. கோர் பேங்கிங் வருவதற்கு முன்னால் ஒரே ஆளுக்கு இரண்டு கிளைகளில் கணக்கு இருந்தால் இந்தக் கிளைக்கு அந்த இருப்பு தெரியாது. அந்த மாதிரி இரண்டு மாநிலமும் தன்னிடம் உள்ள தொகையை மட்டும் பார்த்து "அவரும் சில பாட்டு பாடியிருக்கார்" என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. இரண்டையும் கூட்டினால்தான் 1971 முதல் 1979 வரை ஒரு முழுப் பாடகர் இருந்தது தெரிகிறது.

உலகத்தில் இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் நாட் கிங் கோல் (1919–1965). ஜாஸ் பியானோவில் அவர் பெரிய கை. 1930களின் இறுதியில் பியானோ, கிட்டார், பாஸ் என்ற மூவர் குழுவோடு பெயர் வாங்கியவர். பிறகு பாட ஆரம்பித்தார். 1950ல் 'மோனா லிசா' வந்த பிறகு ஜனங்களுக்கு அவர் பாடகர் மட்டும்தான். பியானோ மறந்தே போனது. அங்கே குரல் வாத்தியத்தை விழுங்கியது, இங்கே ஹார்மோனியம் குரலை விழுங்கியது. ஒரு மனிதனுக்கு ஒரு பெயர்ப்பலகைதான் என்று ஜனங்கள் முடிவு செய்துவிட்டால் இரண்டாவது திறமைக்கு இடம் கிடைப்பதில்லை. கோழிக்கோட்டு எம்.எஸ்.பாபுராஜின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். ஹார்மோனியத்தோடு அவர் தானே பாடிய பதிவுகளைக் கேட்டுவிட்டு, படத்தில் வந்ததைவிட இதுவே மேல் என்று சத்தியம் செய்கிறவர்கள் மலபாரில் இருக்கிறார்கள்.

"கண்டசாலா, ஏ.எம்.ராஜா எல்லாம் பாடி இசையும் அமைத்தார்களே" என்று கேட்கலாம். உண்மை. ஆனால் அவர்கள் பாடகர்களாக அறியப்பட்டு இசையமைத்தவர்கள். குரலுக்கு ஏற்கெனவே அங்கீகாரம் இருந்தது. எம்.எஸ்.வி. மெட்டுக்காரராக இருந்துகொண்டே, மெட்டுக்காரரின் சொரசொரப்பான குரலையே பாட்டாக ஒப்புக்கொள்ளச் செய்தவர். அதற்குப் பிறகு இளையராஜா தன் குரலில் பாடியபோது யாருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை. ரஹ்மான் பாடியபோதும் தெரியவில்லை. இன்று இசையமைப்பாளர் ஒரு பாட்டாவது பாடாமல் படமே வருவதில்லை. அந்தக் கதவைத் தமிழில் திறந்தவர்களில் முதல் வரிசையில் இவர் நிற்கிறார்.

80களுக்குப் பிறகு அவர் பாடுவது குறைந்தது. படங்களும் குறைந்தன. 1986ல் இளையராஜாவோடு சேர்ந்து 'மெல்லத் திறந்தது கதவு'. 1998ல் 'காதல் மன்னன்', 'காதலா காதலா' படங்களில் நடித்தார். சின்ன வயதில் நடிகனாக நினைத்த ஆசை எழுபதாவது வயதில் நிறைவேறியது!

அதோடு முடிந்தது என்று நினைத்தபோதுதான் இன்னொரு ஹார்மோனியக்காரரின் பிள்ளை அவரைக் கூப்பிட்டார். ரஹ்மானின் தந்தை ஆர்.கே.சேகர் சென்னையில் மலையாளப் படங்களுக்கு உழைத்து, 1976ல் மறைந்தவர். தந்தை போனபிறகு சிறுவனாகவே கீபோர்டு வாசிக்கக் கிளம்பிய ரஹ்மான், எம்.எஸ்.வி.யின் இசைக்குழுவிலும் வாசித்தவர். 1999ல் 'சங்கமம்' படத்தில் ஹரிஹரனோடு அவரைப் பாடவைத்தார். கிராமியக் கலைஞர்களின் கதை. மண் வாசனை வேண்டிய இடத்தில் அந்தக் குரல்.

பிறகு 2002, மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்'. வைரமுத்து எழுதிய 'விடை கொடு எங்கள் நாடே'. இலங்கையில் போரால் ஊரை விட்டுக் கிளம்பும் தமிழ் மக்கள், மூட்டை முடிச்சோடு, குழந்தைகளோடு. வேறு சிலரும் சேர்ந்து பாடுகிறார்கள். ஆனால் முன்னால் நிற்பது 73 வயது எம்.எஸ்.வி.யின் குரல். அந்தப் பாட்டு ஒரு பாத்திரத்துக்குச் சொந்தமில்லை. ஒரு ஜனக்கூட்டத்துக்கே சொந்தம். இளம் பாடகர் யாராவது அழகாகப் பாடியிருந்தால் நாம் பாடகரைப் பாராட்டிவிட்டு எழுந்து போயிருப்போம். வயதான தொண்டை உடைந்து உடைந்து ஏறும்போது பாராட்டத் தோன்றுவதில்லை. அந்த வரிசையில் நாமும் மூட்டையோடு நிற்கிறோம். கனடாவிலும் லண்டனிலும் உள்ள ஈழத்து நண்பர்கள் சிலர் அந்தப் பாட்டை முழுக்கக் கேட்க முடியாமல் நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் சொந்த ஊரிலிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருக்கிறவன், அவர்கள் துயரத்தோடு என்னைச் சேர்த்துக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது. ஆனால் அந்தப் பாட்டுக்கு ஏன் அந்தக் குரல்தான் வேண்டும் என்பது மட்டும் எனக்குப் புரிகிறது. நான்கு வயதில் தந்தையை இழந்து, ஊர் ஊராகப் பிழைக்கப் போன ஒரு பையனின் குரல் அது.

விருதுக் கணக்கைப் பார்த்தால் மனசு ஆறாது. 2012ல் தமிழக அரசு அவருக்கும் ராமமூர்த்திக்கும் 'திரை இசைச் சக்கரவர்த்தி' பட்டம் கொடுத்தது. பத்ம விருது ஒன்றுகூட இல்லை. தேசியத் திரைப்பட விருதும் இல்லை. பர்மனுக்கு எந்த மாதிரிப் பாட்டுக்குப் பாடகர் விருது கிடைத்ததோ, அதே கட்டத்துக்குத் தமிழில் பாடியவருக்குப் பாடகர் என்ற பெயர்கூடச் சரியாக நிற்கவில்லை. 2015 ஜூலை 14 அன்று சென்னையில் காலமானார்.

ஒன்று மட்டும் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு விழா எதுவானாலும் முதலில் ஒலிப்பது தமிழ்த்தாய் வாழ்த்து. அதன் மெட்டு எம்.எஸ்.வி.யுடையது, மோகன ராகம். எழுதிய மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை, ஆலப்புழையில் பிறந்து, நான் உட்கார்ந்திருக்கும் இந்தத் திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்து 1891ல் அந்த நாடகத்தை வெளியிட்டவர். 1970ல் அரசு விழாக்களுக்கு வந்த பாட்டு, 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் வாழ்த்துக்குச் சொல்லும் மெட்டும் கேரளத்தில் பிறந்த இருவருடையவை. அதிலும் பதிவான குரல்கள் டி.எம்.எஸ்.ஸும் சுசீலாவும். பாடிக்காட்டியவர் வழக்கம்போலப் பெட்டிக்குப் பின்னால்.

நேரம் கிடைக்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். துக்ளக் (1971), பணிதீராத்த வீடு (1973), சந்திரகாந்தம் (1974), சிவகாமியின் செல்வன் (1974), சில நேரங்களில் சில மனிதர்கள் (1977), கன்னத்தில் முத்தமிட்டால் (2002). இந்த ஆறு படங்களில் அவர் பாடிய பாட்டுகளை மட்டும் இந்த வரிசையில், நடுவில் வேறு எதையும் போடாமல் கேளுங்கள். மொத்தம் அரை மணி நேரம் ஆகலாம். மலையாளம் புரியவில்லை என்றாலும் பரவாயில்லை. திரையைப் பார்க்காதீர்கள். அந்தப் பாட்டுகளுக்குத் திரை தேவையில்லை.

கேட்டு முடித்தபிறகு யாராவது "அவரும் சில பாட்டு பாடியிருக்கார்" என்று சொன்னால், அந்த "உம்"மை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். அது போதும்.